மலைநாட்டு இசை வரலாறு – 9: பிடில்காரர் டாமி ஜாரெல்

டாமி ஜாரெல் 1901 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் சர்ரி மாவட்டத்தில் பிறந்தார். பிறந்த ஊர் ரவுண்ட் பீக். ஊர் என்றதும் தெருவும் கடைவீதியும் நினைவுக்கு வரும். அங்கே அப்படி எதுவும் கிடையாது. வர்ஜீனியா எல்லையை ஒட்டி, புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் அடிவாரத்தில், ஓடைக்கரைக்கு ஒன்றும் மேட்டுக்கு ஒன்றுமாகச் சிதறிக் கிடந்த பண்ணை வீடுகளுக்கு வழங்கிய பொதுப்பெயர் அது. மக்காச்சோளமும் புகையிலையும் முக்கியப் பயிர்கள். சந்தைக்கும் ரயிலுக்கும் மௌண்ட் ஏரி நகரத்துக்குத்தான் இறங்கிப் போக வேண்டும். மழைக்காலத்தில் மண்பாதை சேறாகிவிட்டால் அதுவும் முடியாது.

வெளியுலகம் எளிதில் எட்டாத இந்தச் சிறு வட்டாரத்தின் பெயரால் இன்று ஒரு வாசிப்பு முறையே வழங்குகிறது. 'ரவுண்ட் பீக் பாணி' என்றால் அமெரிக்காவில் பிடிலும் பாஞ்சோவும் கற்கும் எவருக்கும் தெரியும். பிரிட்டனிலும் அதைப் பயில்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாணி வெளியூருக்குத் தெரிய வந்ததில் பெரும்பங்கு டாமி ஜாரெலுடையது. அவரோ வாழ்நாளில் பெரும்பகுதியை மாநில நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமன் செய்யும் வண்டியை ஓட்டிக் கழித்தவர். இசை அவருக்குத் தொழிலாக இருந்ததில்லை. அப்பா வீட்டில் கேட்டது, சித்தப்பா பெரியப்பா வாசித்தது, அக்கம்பக்கத்துக் கிழவர்கள் கற்றுத் தந்தது என்று சேர்ந்த குடும்பச் சொத்தாகவே கடைசிவரை அது இருந்தது.

இந்த இசையை அமெரிக்கர்கள் 'ஓல்ட் டைம்' என்கிறார்கள். இத்தொடரின் முந்தைய பகுதிகளில் பார்த்ததுபோல், 1940களில் பில் மன்ரோவின் குழுவோடு வளர்ந்த 'புளூகிராஸ்' மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஏற்றது. ஒருவர் மாற்றி ஒருவர் முன்வந்து தனித்திறமை காட்டுவது அதன் இலக்கணம். அதற்கு முற்பட்ட ஓல்ட் டைமில் அந்த வழக்கம் இல்லை. பிடிலும் பாஞ்சோவும் ஒரே மெட்டை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, ஆடுபவர்கள் களைக்கும்வரை சுற்றிச் சுற்றி வாசிக்கும். ஒரு மெட்டு பத்து நிமிடம் ஓடினாலும் யாரும் வியக்கமாட்டார்கள். தனித்துக் கேட்பதற்கென்று அமைந்த இசையாக அது இருக்கவில்லை. காலுக்காக உண்டான இசை.

டாமியின் தந்தை பென் ஜாரெல் அந்த வட்டாரத்தில் பெயர்பெற்ற பிடில்காரர். பென்னின் சகோதரர் சார்லி ஜாரெலும் வாசித்தார். பென்னுக்கு ஒருமுறை இசைத்தட்டுப் பதிவு வாய்ப்பும் கிடைத்தது. 1927இல் இண்டியானா மாநிலம் ரிச்மண்ட் நகரில் உள்ள ஜென்னெட் நிறுவனத்தின் பதிவுக்கூடத்துக்கு 'டா கோஸ்டா வோல்ட்ஸின் சதர்ன் பிராட்காஸ்டர்ஸ்' என்ற குழு போயிற்று. வோல்ட்ஸும் ஃபிராங்க் ஜென்கின்ஸும் பாஞ்சோ, பென் ஜாரெல் பிடிலும் பாட்டும். பிரைஸ் குட்சன் என்ற சிறுவனும் உடன் போனான். ஜென்னெட்டின் கூடம் ஒரு பியானோ தொழிற்சாலையின் வளாகத்துக்குள், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ரயில் போகும்போது பதிவை நிறுத்திவைப்பார்கள். கிங் ஆலிவரின் குழுவில் இளம் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் முதன்முதலாகப் பதிவானதும் இதே கூடத்தில்தான். பென்னின் குரலும் வில்லும் அந்த இசைத்தட்டுகளில் நின்றன. வருமானம் பெரிதாக எதுவும் வரவில்லை. இரண்டு ஆண்டில் பொருளாதார வீழ்ச்சி வந்து, கிராமத்து இசையைப் பதிவு செய்த நிறுவனங்கள் பல நொடித்துப்போயின. பென் 1946இல் இறந்தார்.

டாமி முதலில் கற்றது பாஞ்சோ. கற்றுத் தந்தவர் அப்பா இல்லை. பென்னின் பண்ணையில் வேலைக்கு இருந்த பாகி காக்கர்ஹாம் என்ற ஆள், ஏழெட்டு வயதுப் பையனுக்கு 'ஓல்டு ரூபன்' என்ற மெட்டைச் சொல்லிக்கொடுத்தார். பதின்மூன்று வயது வாக்கில் டாமி பிடிலுக்கு மாறினார். முதலில் அப்பாவின் பிடிலை எடுத்து வாசித்தார். பிறகு, 1915இல், 10 டாலருக்குத் தனக்கென்று ஒன்று வாங்கினார். பண்ணைக் கூலி வெகு குறைவாக இருந்த காலத்தில் அது பெரிய தொகை. அப்போதைய மலைநாட்டில் பிடில் எல்லார் வீட்டிலும் நல்ல பெயர் எடுத்த பொருளும் இல்லை. சபைக்கு ஒழுங்காகப் போகும் சில குடும்பங்கள் அதைப் பிசாசின் பெட்டி என்றே ஒதுக்கின. ஜாரெல் வீட்டில் அந்தத் தடை இல்லை.

உள்நாட்டுப் போர் முடிந்தது 1865இல். டாமி சிறுவனாக இருந்தபோது, அந்தப் போரில் துப்பாக்கி ஏந்திய சிலர் எழுபது வயதைத் தாண்டியும் அக்கம்பக்கத்தில் உயிரோடிருந்தார்கள். பெட் மெக்கின்னி, ஜாக் பெய்ன் இருவரும் அப்படிப்பட்டவர்கள். 'செய்ல் அவே லேடீஸ்' என்ற மெட்டை மெக்கின்னியிடமிருந்தும், 'ஃபிளாட்வுட்ஸ்' மெட்டை பெய்னிடமிருந்தும் டாமி எடுத்துக்கொண்டார். ஹூஸ்டன் கேலியன் என்ற இன்னொரு முதியவர் 'ட்ரங்கன் ஹிக்கப்ஸ்' வாசிக்கக் காட்டினார். குடிகாரனின் விக்கலைத் தந்தியைச் சுண்டிக் காட்டும் மெட்டு அது. எழுத்தும் சுரக்குறிப்பும் இல்லாத இசைக்குக் காலக்கணக்கு இப்படித்தான் போடவேண்டியிருக்கிறது: 1840களில் பிறந்தவர் வாசித்ததை நேரில் கேட்ட காது, 1985 வரை வாழ்ந்தது. இடையில் இரண்டாவது கை கிடையாது.

கற்பதற்கு வகுப்பு இல்லை, வாய்ப்பு இருந்தது. அறுவடைக் காலத்தில் மக்காச்சோளத் தோகை உரிக்க ஒரு வீட்டில் ஊரே கூடும். அவரை காயவைக்கக் கோப்பது, பட்டாணி அடிப்பது, மரம் உருட்டுவது என்று வேலை எதுவானாலும் கூட்டாகச் செய்து முடித்து, சாப்பாடு போட்டு, இரவு ஆட்டம். கட்டில், மேஜையைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு அறையைக் காலி செய்வார்கள். இரண்டு அறைகளில் ஆட்டம் நடந்தால், இரண்டுக்கும் கேட்கும்படி பிடில்காரர் நடுவாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். ஒலிபெருக்கி இல்லாத அந்தக் காலத்தில், மரத்தரையில் குதிக்கும் கால்களின் சத்தத்தை மீறிப் பிடிலின் ஒலி கேட்க வேண்டும். ரவுண்ட் பீக் பாணியின் அழுத்தமான வில்வீச்சுக்கு இதைவிட நேரான காரணம் தேட வேண்டியதில்லை.

ஆண்டின் பெரிய ஆட்டக்காலம் கிறிஸ்துமஸ். டிசம்பர் 25இல் தொடங்கி, பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் வரும் ஜனவரி 6 வரை, ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு வீட்டில் ஆட்டம். வீடு வீடாகப் போய், பண்டிகையை முடித்துவைப்பதற்கு 'பிரேக்கிங் அப் கிறிஸ்துமஸ்' என்று பெயர். அதே பெயரில் ஒரு மெட்டும் உண்டு. அந்த வட்டாரத்துக்கு வெளியே பலகாலம் யாரும் அறியாதிருந்த அந்த மெட்டை, இன்று அமெரிக்காவில் ஓல்ட் டைம் கூடும் இடமெல்லாம் டிசம்பரில் கேட்கலாம்.

டாமியின் வாசிப்பில் தமிழ் வாசகருக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மேற்கத்திய வயலினுக்கு வழக்கமான சுருதி ஜி, டி, ஏ, ஈ. நான்கு தந்தியும் ஐந்தாம் சுர இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும். மலைநாட்டுப் பிடில்காரர்கள் மெட்டுக்கு மெட்டு இதை மாற்றினார்கள். ஏ கட்டையில் வாசிக்கும்போது ரவுண்ட் பீக்காரர்கள் தாழ்ந்த இரண்டு தந்திகளையும் முறுக்கேற்றி ஏ, ஈ, ஏ, ஈ என்று வைத்துக்கொள்வார்கள். சுர எழுத்தில் எழுதினால் ச–ப–ச–ப. கர்நாடக சங்கீத வயலினின் சுருதியும் இதேதான். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் தேவை ஒன்றுதான்: சட்ஜமும் பஞ்சமமும் திறந்த தந்தியில் கிடைத்தால், மெட்டு ஒரு தந்தியில் ஓடும்போதே பக்கத்துத் தந்தியை வில் உரசிச் சுருதியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தம்புரா இல்லாத ஊரில் பிடிலே தம்புராவாகவும் இருந்தது. டி கட்டைக்கு ஏ, டி, ஏ, ஈ என்று ஒரு சுருதி. 'ட்ரங்கன் ஹிக்கப்ஸ்' மெட்டுக்கு ஏ, ஈ, ஏ, சி ஷார்ப் என்று இன்னொன்று. முறுக்காணியைத் திருகாமல் அடுத்த பாட்டுக்குப் போக முடியாது என்பதால், ஒரே கட்டையில் உள்ளவற்றையெல்லாம் தொடர்ந்து வாசித்து முடிப்பது இன்றும் ஓல்ட் டைம் கூட்டங்களில் வழக்கம்.

வில்லை டாமி மணிக்கட்டால் ஆட்டினார். நீண்ட இழுப்புகளுக்கு நடுவே சிறு சிறு குலுக்கல்கள் விழும். அழுத்தம் தாளத்தின் அடியில் விழாமல் அடிக்கு அடுத்தாற்போல் வந்து உட்காரும். கூடவே பாடவும் செய்தார். தெற்கத்திப் பிடில்காரர்கள் பலரைப்போல் பிடிலின் வயிற்றுக்குள் கிலுகிலுப்பைப் பாம்பின் வால்மணியைப் போட்டுவைப்பதும் அந்தப் பக்கத்து வழக்கம். ஈரம் ஏறாது என்றார் ஒருவர், எலி அண்டாது என்றார் இன்னொருவர், நாதம் கூடும் என்றார் மூன்றாமவர். காரணம் எதுவானாலும் பிடிலை அசைத்தால் உள்ளே மணி உருளும்.

பாஞ்சோவின் கதை இன்னும் பழையது. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்த அந்த வாத்தியத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது அடிமைகளாகக் கடத்தப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்களின் நினைவும் கைத்திறனும். 1830கள் முதல் ஜோயல் வாக்கர் ஸ்வீனி போன்ற வெள்ளையர்கள் அதைக் கறுப்பர்களிடம் கற்று மேடையேற்றினார்கள். அங்கிருந்து தொழிற்சாலைக்கும் மலைக்கும் போயிற்று. மலைநாட்டு வெள்ளையர் இசை என்று பிற்காலத்தில் விற்கப்பட்டதில் பாதி இப்படிக் கறுப்பர்களிடமிருந்து வந்தது. ரவுண்ட் பீக்கில் அதைச் சுண்டிவிடும் வழக்கம் இல்லை. விரலின் நகத்தால் மேலிருந்து கீழாக அடித்து, கட்டைவிரலால் குட்டையான ஐந்தாம் தந்தியைப் பிடித்து விடுவது. ஆப்பிரிக்க முறைக்கு மிக நெருக்கமானது இந்த அடி. அங்கே பலரிடம் இருந்தவை கழுத்தில் உலோகக் கட்டைகள் இல்லாத பழைய வகை பாஞ்சோக்கள். கட்டை இல்லாவிட்டால் விரல் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகலாம். பிடிலின் வளைவுகளை பாஞ்சோவும் அப்படியே தொடர முடிந்தது இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரரான சார்லி லோவ் இதில் கைதேர்ந்தவர். பென்னுக்கும் பிறகு டாமிக்கும் துணை வாசித்தவர். அடுத்த தலைமுறையில் கைல் கிரீட் என்ற தச்சுவேலைக்காரர் இவ்வகை பாஞ்சோக்களைத் தாமே செய்தார். விரல் வழுக்குவதற்காகக் கழுத்தில் அவர் ஒட்டியது சமையலறை மேடைக்குப் போடும் ஃபார்மிகா தகடு.

இந்த வாழ்க்கையில் சாராயத்துக்கும் ஓர் இடம் உண்டு. அதை மறைக்க டாமியும் முயன்றதில்லை. வட கரோலினாவில் 1909 முதல் மதுவிலக்கு அமலானது. மலையடிவாரத்தில் மக்காச்சோளத்தை மூட்டையாக விற்பதைவிடக் காய்ச்சி விற்பது லாபம். மோசமான பாதையில் தூக்கிப் போவதும் எளிது. இளவயதில் டாமியும் அடுப்பு எரித்தவர், குடித்தவர், சண்டையில் இறங்கியவர். 1923இல் நீனா லோவை மணந்தார். மௌண்ட் ஏரியை ஒட்டிய டோஸ்ட் என்ற பகுதியில் குடியேறினார்கள். மகனும் மகளுமாக மூன்று பிள்ளைகள். 1925 வாக்கில் நெடுஞ்சாலைத் துறையில் வேலை கிடைத்தது.

வட கரோலினா 1921இல் 5 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட்டு மாவட்டத் தலைநகரங்களையெல்லாம் சாலையால் இணைக்கத் தொடங்கியிருந்தது. 'நல்ல சாலை மாநிலம்' என்ற பெயரே அதற்கு வந்தது. அந்தச் சாலைகளை மேடுபள்ளம் இல்லாமல் சீவிச் சமன்செய்யும் மோட்டார் கிரேடரை டாமி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஓட்டினார். ரவுண்ட் பீக்கின் இசை தனித்து நின்றதற்கு வெளியே போகமுடியாத பாதையும் ஒரு காரணம். அந்தப் பாதையைத் திறந்துவிட்ட வேலையில் அதன் முக்கிய வாரிசே சம்பளம் வாங்கினார். சாலை வந்ததும் நூற்பாலை வேலை வந்தது, கார் வந்தது, வானொலி வந்தது. வீட்டைக் காலி செய்து ஆடும் வழக்கம் 1930களுக்குப் பின் மெல்லக் குறைந்தது. கிட்டார் நுழைந்து தாளத்தைச் சமன்படுத்தியது. 1935இல் பக்கத்து வர்ஜீனியாவின் கேலக்ஸ் ஊரில் பிடில்காரர் மாநாடு தொடங்கியபின், வீட்டு வாசலில் இருந்த இசை போட்டி மேடைக்கு நகர்ந்தது. 1948இல் மௌண்ட் ஏரியில் ரால்ஃப் எப்பர்சன் தொடங்கிய டபிள்யூ.பி.ஏ.க்யூ. வானொலி உள்ளூர்க்காரர்களுக்கு நேரம் ஒதுக்கியது பெரிய ஆறுதல்; ஆனால் அதற்குள் இளைஞர்கள் புளூகிராஸுக்கும் கன்ட்ரி பாட்டுக்கும் போய்விட்டார்கள். டாமியின் மகன் பென்னியும் பிடில் வாசித்தார், புளூகிராஸ் பாணியில். தாத்தாவின் பெயரைத் தாங்கிய பேரன் தாத்தாவின் வில்வீச்சைத் தொடரவில்லை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பென்னும் தம் காலத்துப் புதுமைகளை விட்டுவைத்தவர் இல்லை.

வேலைக்குப் போன இந்த ஆண்டுகளில் டாமி அதிகம் வாசிக்கவில்லை. சில கட்டுரைகள் இதை 'மௌனக் காலம்' என்று மிகைப்படுத்துகின்றன. பிடிலை அவர் துறந்துவிடவில்லை. ஆட இடமும் ஆளும் இல்லாதபோது ஆட்ட இசைக்கு வேலை குறைந்துபோயிற்று, அவ்வளவுதான். ஒருவிதத்தில் அது நன்மையாகவும் முடிந்தது. வானொலிக்கும் போட்டிக்கும் ஏற்ப வாசிப்பை மாற்றிக்கொண்டவர்கள் பலர். மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையே டாமிக்கு வரவில்லை. 1920களில் கைக்கு வந்த வாசிப்பு ஏறக்குறைய அப்படியே 1960களுக்கு வந்து சேர்ந்தது.

1966இல் ஓய்வு. 1967இல் நீனா இறந்தார். பிள்ளைகள் தனித்தனிக் குடும்பமாகியிருந்தார்கள். தனி வீட்டில் பொழுது போக்க டாமி பிடிலை மறுபடி நாள்தோறும் எடுத்தார். அந்த நேரத்தில் வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1952இல் ஹாரி ஸ்மித் தொகுத்து ஃபோக்வேஸ் வெளியிட்ட அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பும், 1958இல் மைக் சீகர், ஜான் கோஹன், டாம் பேலி தொடங்கிய நியூ லாஸ்ட் சிட்டி ராம்ப்ளர்ஸ் குழுவும் 1920களின் இசைத்தட்டுகளை நகரத்துக் கல்லூரி மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியிருந்தன. இசைத்தட்டில் கேட்ட ஆட்களில் யாராவது இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடி, ஒலிப்பதிவுக் கருவியோடு இளைஞர்கள் தெற்கே இறங்கினார்கள். கவுண்டி ரெகார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் 1960களின் நடுவில் ரவுண்ட் பீக் பாஞ்சோக்காரர்களைப் பதிவு செய்யத் தொடங்கியது.

1968இல் அதே நிறுவனம் 'டவுன் டு தி சைடர் மில்' என்ற தட்டை வெளியிட்டது. வாசித்தவர்கள் டாமி ஜாரெல், ஃபிரெட் காக்கர்ஹாம், ஆஸ்கர் ஜென்கின்ஸ். 1927இல் இண்டியானாவுக்கு ஒன்றாகப் போன பென் ஜாரெல், ஃபிராங்க் ஜென்கின்ஸ் இருவரின் பிள்ளைகள், நாற்பத்தொரு ஆண்டு கழித்து ஒரே தட்டில் சேர்ந்தார்கள். பென்னின் தட்டு உள்ளூர் விவசாயிகளுக்காக அச்சானது. பிள்ளைகளின் தட்டை வாங்கியவர்களில் பெரும்பாலோர் நியூயார்க், கலிபோர்னியாக்காரர்கள். அடுத்தடுத்து தட்டுகள் வந்தன. கைல் கிரீடின் பாஞ்சோவோடு 'ஜூன் ஆப்பிள்', பாஞ்சோ மட்டும் வாசித்த 'கம் அண்ட் கோ வித் மி', பிடில் தனியாக ஒலிக்கும் 'செய்ல் அவே லேடீஸ்' ஆகியவை முக்கியமானவை. கடைசியாகச் சொன்னதைக் கேட்பவர்களுக்கு ஒரே பிடிலுக்குள் மெட்டும் சுருதியும் தாளமும் எப்படி அடங்குகின்றன என்பது பிடிபடும்.

தட்டைக் கேட்டவர்கள் டோஸ்டுக்கு வரத் தொடங்கினார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வருவார்கள். பையும் வாத்தியமுமாகத் திண்ணையில் வந்து நிற்பார்கள். டாமி யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்பது வந்தவர்கள் எல்லோரும் ஒத்துச் சொல்லும் செய்தி. காலையில் தாமே அடுப்பு மூட்டிச் சாப்பாடு போடுவார். நாள்முழுக்க வாசிப்பார், நடுநடுவே கதை. கற்றுத்தருவதற்குக் கட்டணம் கேட்டதில்லை. பாகி காக்கர்ஹாம் அவருக்குக் காட்டிய அதே முறைதான்: எதிரில் உட்கார வைத்து, பார், கேள், திரும்ப வாசி. பிராட் லெஃப்ட்விச், ஆண்டி கஹான், ஆலிஸ் ஜெரார்ட், பால் பிரௌன் முதலியோர் இப்படிக் கற்றவர்கள். பலர் பிற்காலத்தில் ஆசிரியர்களானார்கள்; லெஃப்ட்விச் இந்தப் பிடில் முறைக்குப் பாடநூலே எழுதினார். நியூயார்க் கணித ஆசிரியர் ரே ஆல்டன் 1960களின் கடைசியிலிருந்து இந்தப் பக்கம் வந்து போய்ப் பதிவு செய்தார். அந்த ஒலிநாடாக்களை வெளியிட அவர் தொடங்கிவைத்த ஃபீல்டு ரெகார்டர்ஸ் கலெக்டிவ், 2009இல் அவர் இறந்த பிறகும் இயங்குகிறது. ரத்த உறவில் கைமாறி வந்த சொத்து, பிள்ளைகள் வேறு வழி போனபின் ஊர்பேர் தெரியாத இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்தது.

இதில் ஓர் இழப்பும் இருக்கிறது. ரவுண்ட் பீக்கில் டாமியின் தலைமுறையிலேயே ஒருவர் வாசிப்பு ஒருவர்போல் இருந்ததில்லை. ஃபிரெட் காக்கர்ஹாமின் பிடில் வேறு, எர்னஸ்ட் ஈஸ்டின் பிடில் வேறு. டாமி நெடுங்காலம் இருந்தார், நன்றாகப் பேசினார், கதவைத் திறந்து வைத்திருந்தார். அதனால் அவர் கை ஊரின் கையாகவே எண்ணப்பட்டுவிட்டது. இன்று 'ரவுண்ட் பீக் பாணி' என்று கற்றுத்தரப்படுவதில் பெரும்பங்கு ஒரு மனிதர் எழுபதாவது வயதில் வாசித்த விதம். அவரே இளவயதில் வேறுவிதமாக வாசித்திருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் காலப் பதிவு இல்லை. பென்னின் 1927 தட்டுகளோடு மகனின் தட்டுகளை வைத்துக் கேட்டால், அப்பாவின் வில் மகனுடையதைவிடச் சற்று நேராக இழுபடுவது தெரியும். வாய்வழி மரபு அப்படியே நகலெடுக்கும் என்ற எண்ணத்துக்கு அந்த இரண்டு தட்டுகளே பதில்.

1982இல் அமெரிக்கத் தேசியக் கலைக் கழகம் நாட்டார் கலைஞர்களுக்கென தேசியப் பாரம்பரிய விருதை ஏற்படுத்தியது. முதல் ஆண்டிலேயே டாமி ஜாரெல் அதைப் பெற்றார். அதே பட்டியலில் புளூகிராஸின் பில் மன்ரோவும் புளூஸ் கலைஞர்கள் பிரௌனி மெக்கீ, சோனி டெர்ரியும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு லெஸ் பிளாங்க், ஆலிஸ் ஜெரார்ட், சீசீ கான்வே மூவரும் சேர்ந்து எடுத்த 'ஸ்ப்ரவுட் விங்ஸ் அண்ட் ஃப்ளை' என்ற ஆவணப்படம் வெளிவந்தது. அரைமணி நேரப் படம். பிடிலோடு வீடும் உறவினரும் சாப்பாட்டு மேஜையும் அதில் சம இடம் பெறுகின்றன. டாமியின் தங்கை ஜூலி சொன்ன பழங்கதைகளை வைத்து அதே குழு பின்னால் தனியாக ஒரு குறும்படமும் வெளியிட்டது. ஜாரெல் குடும்பத்தில் பிடில் ஆண்களிடம் இருந்தது, கதை பெண்களிடமும் இருந்தது என்பதற்கு அந்தப் படம் சான்று. இத்துறை ஆண்களின் பெயராகவே எழுதப்பட்டு வந்திருப்பதால் இதைக் குறித்துவைப்பது அவசியம்.

டாமி ஜாரெல் 1985 ஜனவரி 28 அன்று, 84 வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது இறந்தார். சேர்ந்து வாசித்தவர்களில் ஃபிரெட் காக்கர்ஹாம் 1980இலும் கைல் கிரீட் 1982இலும் முந்திப் போயிருந்தார்கள். 10 டாலருக்கு வாங்கிய அந்த முதல் பிடில் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மௌண்ட் ஏரியில் அவர் பெயரில் ஆண்டு விழா நடக்கிறது. 1972 முதல் ஜூன் மாதத்தில் அதே ஊரில் நடக்கும் பிடில்காரர் மாநாட்டில் மேடையைவிட வாகன நிறுத்தத் திடலில்தான் கூட்டம் அதிகம். அங்கே ஏ, ஈ, ஏ, ஈ சுருதியில் இருபது வயதுக்காரர்கள் விடியவிடிய வாசிக்கிறார்கள்.

அடுத்த பகுதி இதே வட கரோலினாவின் மெபேன் ஊர்க்காரரான ஜோ தாம்ப்சனைப் பற்றியது. 1918இல் கறுப்பினப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அப்பாவிடம் கற்ற பிடிலை ஒன்றுவிட்ட சகோதரர் ஓடெலின் பாஞ்சோவோடு வாசித்து, 2012 வரை வாழ்ந்தவர். மலைநாட்டு இசையின் கறுப்பினப் பாதியைத் தனியாக எழுத வேண்டிய கடன் இத்தொடருக்கு இருக்கிறது.